கொடி நிறையப் பூ, பிஞ்சு எங்கே?

மாசி பிறந்துவிட்டது. விடியலில் கொஞ்சம் பனி இருக்கிறது. வெயில் இன்னும் சுடத் தொடங்கவில்லை. இந்த நாட்களில் காலையில் எழுந்ததும் கொல்லைப்பக்கம் போய்ப் பாருங்கள். முருங்கை வெள்ளை வெளேரென்று பூத்திருக்கும். மாமரத்தின் கிளை நுனிகளில் பூங்கொத்துகள் நிமிர்ந்து நிற்கும். கிணற்றடி ஈரத்தில் பூசணிக்கொடி படர்ந்திருக்கும். இன்னும் சில நாட்களில் வேம்பும் பூக்கும்.

பழைய கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். சித்திரையில்தான் இளவேனில் தொடங்கும். மரம் செடிகள் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. குளிர் விலகியதும் பூக்கத் தொடங்கிவிடும். நம் நாட்டின் பல பகுதிகளிலும் இப்படித்தான். வங்காளத்தில் இந்த நாட்களில் முருங்கைப்பூவைச் சமைத்துச் சாப்பிடுவார்கள். ஆந்திரத்தில் உகாதியன்று வேப்பம்பூவும் மாங்காயும் வெல்லமும் சேர்த்துப் பச்சடி செய்வார்கள். தமிழ்நாட்டில் சித்திரை முதல் நாளில் வேப்பம்பூப் பச்சடி உண்டு.

பூ வந்தால் காய் வரும். இது எல்லோருக்கும் தெரியும். பூவுக்கும் காய்க்கும் நடுவில் என்ன நடக்கிறது? அங்கேதான் பல வீடுகளில் காரியம் கெட்டுப்போகிறது. ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்.

அந்த வீட்டு அம்மா தை மாதத்தில் பூசணி விதை ஊன்றினார். பாத்திரம் கழுவிய தண்ணீரைத் திருப்பிவிட்டார். சாணக் குப்பை போட்டார். கொடி நன்றாக ஓடியது. சென்ற ஆண்டு அதே இடத்தில் 11 காய் கிடைத்தது. வீட்டுக்கு வைத்துக்கொண்டது போக மிச்சத்தைச் சந்தையில் விற்றார். அந்தப் பணத்தில்தான் பிள்ளைக்கு நோட்டும் புத்தகமும் வாங்கினார். இந்த ஆண்டும் அதை நம்பியே இருந்தார்.

கொடி நிறையப் பூத்தது. மஞ்சள் பூக்களைப் பார்க்க அழகாக இருந்தது. ஆனால் ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. எலுமிச்சை அளவுக்கு வந்ததும் பழுத்து, வெம்பி, விழுந்துவிட்டது.

"கண்ணு பட்டுப்போச்சு. பழைய செருப்பு ஒன்றைக் கட்டித் தொங்கவிடு" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. "உரம் போதவில்லை" என்றார் மாமியார். செருப்பும் கட்டினார். உரமும் போட்டார். பிஞ்சு விழுவது நிற்கவில்லை.

ஊருக்கு வந்த வேளாண்மை அலுவலர் கொடியைப் பார்த்தார். விழுந்த பிஞ்சு ஒன்றை எடுத்து அறுத்தார். உள்ளே புழு இருந்தால் பழ ஈ துளைத்திருக்கிறது என்று பொருள். புழு இல்லை. அடுத்து அவர் கேட்டது ஒரே கேள்வி: "மருந்து ஏதாவது அடித்தீர்களா?"

அடித்திருந்தார்கள். இலையைச் சிவப்பு வண்டு தின்கிறது என்று வீட்டுக்காரர் மருந்து அடித்தார். பருத்திக்கு வாங்கி மிச்சம் இருந்த மருந்து அது. விடிந்ததும் விடியாததுமாக, இரண்டு மூன்று நாள் அடித்தார். வண்டு ஒழிந்தது. கூடவே இன்னொன்றும் போனது. காலையில் கொல்லையில் கேட்கும் ரீங்காரம் போய்விட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை.

ஆண் பூவும் பெண் பூவும்

பூசணிக்கொடியில் இரண்டு வகைப் பூ உண்டு. பூவின் அடியைப் பார்த்தால் தெரியும். வெறும் காம்பு மட்டும் இருந்தால் அது ஆண் பூ. பூவுக்கு அடியில் குட்டிப் பூசணி போல ஓர் உருண்டை இருந்தால் அது பெண் பூ. முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்களே. அவை காயாமல் உதிர்ந்தால் கவலைப்பட வேண்டாம். ஆண் பூ ஒருநாளும் காய்க்காது.

ஆண் பூவின் நடுவில் மஞ்சள் பொடி இருக்கும். அதுதான் மகரந்தம். அது பெண் பூவின் நடுவில் போய் ஒட்ட வேண்டும். ஒட்டினால் பிஞ்சு பருக்கும். ஒட்டாவிட்டால் பிஞ்சு வெம்பி விழும். கொஞ்சமாக ஒட்டினால் காய் கோணலாக வரும்.

நெல், சோளம் போன்றவற்றில் இந்தப் பொடி தானாக உதிரும், காற்றிலும் பறக்கும். பூசணியின் பொடி கனமானது, பிசுபிசுப்பானது. காற்று அதைத் தூக்காது. யாராவது எடுத்துக்கொண்டு போக வேண்டும். அந்த வேலையைச் செய்வது தேனீ. பூவுக்குள் தேன் குடிக்க நுழையும்போது உடம்பெல்லாம் பொடி ஒட்டிக்கொள்கிறது. அடுத்த பூவில் நுழையும்போது அது அங்கே உதிர்கிறது.

இதற்குக் கிடைக்கும் நேரமோ மிகக் குறைவு. பூசணிப்பூ விடியலில் விரிகிறது. உச்சி வெயிலுக்கு முன்பே கூம்பிவிடுகிறது. மறுநாள் அது விரியாது. ஒரு பெண் பூவுக்கு ஒரே ஒரு காலைப்பொழுதுதான் வாய்க்கிறது. அந்தக் காலைப்பொழுதில்தான் அந்த வீட்டுக்காரர் மருந்து அடித்தார்.

கருவண்டும் தேன்சிட்டும்

தேனீ என்றதும் மலையிலும் பெரிய மரங்களிலும் அடை கட்டும் மலைத்தேனீ நினைவுக்கு வரும். கொல்லைக்கு வருபவை இன்னும் பல வகை. மரப்பொந்தில் அடை கட்டும் அடுக்குத்தேனீ உண்டு. செடிக் கிளையில் ஒற்றை அடை கட்டும் கொம்புத்தேனீ உண்டு. சுவர் ஓட்டையில் குடியிருக்கும் கொசுத்தேனீயும் உண்டு. கொசுத்தேனீ கொட்டாது.

முருங்கைப்பூவைச் சுற்றிப் பெரிய கருவண்டு ஒன்று உறுமிக்கொண்டு பறக்கும். பார்த்தால் பயமாக இருக்கும். அதை வண்டு என்கிறோம். உண்மையில் அதுவும் ஒரு தேனீதான். முருங்கை காய்ப்பதற்கு அதன் உதவி பெரியது. அது காய்ந்த மரத்தைத் துளைத்து முட்டையிடும். வீட்டு உத்தரத்தைத் துளைத்தால் கோபம் வருவது நியாயமே. கொல்லையில் ஒரு காய்ந்த கிளையையோ மூங்கிலையோ வெட்டாமல் விட்டு வைக்கலாம். துளைக்க அதற்கு வேறு இடம் இருக்கும்.

அதே முருங்கைக்குத் தேன்சிட்டும் வரும். கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். 10 கிராம் எடைகூட இராது. வளைந்த நீண்ட மூக்கு. ஆண் சிட்டு வெயில் படும்போது பளபளவென்று மின்னும். பெண் சிட்டுக்கு மங்கிய நிறம். கூடு கட்டுவது பெண் சிட்டுதான். சிலந்தி வலை, நார், சருகு எல்லாம் சேர்த்துச் சுருக்குப் பை போலப் பின்னும். வாசலுக்கு மேலே சிறிய தாழ்வாரம்கூட வைக்கும். மனிதரைக் கண்டு அவ்வளவாக அஞ்சாது. கொல்லையில் தொங்கும் கம்பியிலும் கூடு கட்டிவிடும்.

தேன்சிட்டு தேன் மட்டும் குடித்து வாழ்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். தன் குஞ்சுக்கு அது சிறு பூச்சிகளையும் சிலந்திகளையும் பிடித்துக் கொடுக்கிறது. தேன் குடித்து மட்டும் குஞ்சு வளராது. பூச்சி இல்லாத கொல்லையில் குஞ்சுக்குத் தீனி இல்லை. இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் தையல்சிட்டும் அப்படியே. நாள் முழுவதும் செடியில் தாவித் தாவிப் புழு பொறுக்கும். கூலி கேட்காத வேலையாள் அது.

கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருக்கும். அது எச்சம் இல்லை, புழு. பறவை தன்னைத் தின்னாமல் இருக்க அது போடும் வேடம். கொஞ்சம் வளர்ந்ததும் பச்சை நிறமாகும். தொட்டால் தலையிலிருந்து கொம்பு போல ஒன்றை நீட்டும், ஒரு நெடி வரும். கொட்டாது, கடிக்காது. இந்தப் புழுதான் சில நாளில் பெரிய வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கிறது. செடி சிறியதாக இருந்தால் புழுவைக் கையால் எடுத்துவிடலாம். பெரிய செடி என்றால் தானே துளிர்த்துக்கொள்ளும். நாம் பறித்துச் சமைக்கும் இலைக்கு மருந்து அடிப்பது வீண் ஆபத்து.

ஓணானுக்கும் தேரைக்கும் நம் ஊரில் நல்ல பெயர் இல்லை. ஓணானைக் கண்டால் பிள்ளைகள் கல்லை எடுப்பார்கள். வெயில் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் கழுத்தும் சிவக்கும். ரத்தம் குடித்துவிட்டு வந்திருக்கிறது என்பார்கள். அது இணை தேடும் காலத்தின் நிறம். ஓணானுக்கு விஷம் கிடையாது. அது தின்பது பூச்சிகளை. தேங்காயில் பருப்பு இல்லாவிட்டால் தேரை மோந்துவிட்டது என்பார்கள். தென்னை மரத்து உச்சியில் காய்க்குள் இருப்பதைத் தரையில் கிடக்கும் தேரை எப்படி மோந்து பார்க்கும்? பகலில் அது பானைக்கு அடியில் ஈரத்தில் பதுங்கியிருக்கும். இரவில் வெளியே வந்து பூச்சி பிடிக்கும். பழி மட்டும் அதற்கு.

மாம்பூவுக்கு ஈ

மாமரத்தின் கதை கொஞ்சம் வேறு. ஒரு கொத்தில் ஆயிரக்கணக்கான சிறு பூக்கள் இருக்கும். பெரும்பாலானவை ஆண் பூக்கள். ஒரு கொத்தில் கடைசியில் நிற்பது சில காய்கள்தான். மற்றவை உதிர்வது இயல்பு. மாம்பூவுக்குத் தேனீயும் வரும். அதைவிட ஈக்கள் அதிகம் வரும். நாம் விரட்டுகிற ஈயும் இங்கே நமக்கு வேலை செய்கிறது.

மாம்பூவில் தத்துப்பூச்சி வந்தால் நட்டம் வரும் என்பது உண்மைதான். சாற்றை உறிஞ்சும். இலையில் பிசுபிசுவென்று ஒட்டும். பிறகு கரி பூசியது போல ஆகும். அதற்கு மருந்து தேவைப்பட்டால் பூங்கொத்து தலைகாட்டும்போதே அலுவலரைக் கேட்டுச் செய்ய வேண்டும். பூ முழுதாக விரிந்த பிறகு அடித்தால் தத்துப்பூச்சியோடு ஈயும் தேனீயும் சாகும்.

மருந்து டப்பாவை வாங்கும்போது அதில் உள்ளதைப் படியுங்கள். எழுத்து பொடியாக இருக்கும். பொறுமையாகப் படியுங்கள். டப்பாவில் ஒரு முக்கோணம் இருக்கும். அது சிவப்பாக இருந்தால் மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள் அதற்கு அடுத்தது. நீலம் அதற்கும் அடுத்தது. பச்சை மிகக் குறைந்தது. பச்சை என்பதால் நஞ்சே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. பருத்திக்கு உள்ளதைக் காய்கறிக்கு அடிக்கவே கூடாது. மோனோகுரோட்டோபாஸ் என்ற மருந்தைக் காய்கறிகளில் தெளிக்க மத்திய அரசு 2005-ஆம் ஆண்டிலேயே தடை போட்டது.

தேனீக்களுக்கு மருந்து ஒன்றுதான் பகை என்று சொல்ல முடியாது. 1991, 1992 ஆண்டுகளில் தென் மாநிலங்களில் ஒரு வைரஸ் நோய் பரவியது. அடுக்குத்தேனீக்களின் புழுக்கள் அடையிலேயே செத்தன. தேன்பெட்டிகள் ஆயிரக்கணக்கில் காலியாயின. பெட்டி வைத்துப் பிழைத்த பலர் தொழிலை இழந்தார்கள். தேன் போனது கணக்கில் தெரிந்தது. அந்த ஆண்டுகளில் நிற்காமல் போன பிஞ்சுகளை யார் எண்ணியிருப்பார்கள்?

இனி அந்த வீட்டுக்கு வருவோம். அலுவலர் சொன்னபடி மருந்து அடிப்பதை நிறுத்தினார்கள். சிவப்பு வண்டைக் காலையில் கையால் பிடித்துச் சோப்புத் தண்ணீரில் போட்டார்கள். இலை மேல் அடுப்புச் சாம்பலைத் தூவினார்கள். அதற்கும் அடங்காத பூச்சிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல். வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து, 1 லிட்டர் தண்ணீரில் இரவெல்லாம் ஊற வைத்து, துணியில் வடிகட்டி, துளி சோப்பு கலந்து தெளித்தார்கள். அதையும் தேனீ வீடு திரும்பிய பிறகு, மாலையில் தெளித்தார்கள். ஓர் அகன்ற சட்டியில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்தார்கள். கல் இருந்தால் தேனீ மூழ்காமல் உட்கார்ந்து குடிக்கும்.

தேனீ உடனே திரும்பி வரவில்லை. அதுவரை அந்த அம்மாவே தேனீயின் வேலையைச் செய்தார். காலை 7 மணிக்குள் ஓர் ஆண் பூவைப் பறிப்பார். இதழைக் கிள்ளி எறிவார். நடுவில் உள்ள மஞ்சள் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுவார். ஐந்து பூவில் தடவினார். மூன்று பிஞ்சு நின்றது. செருப்பு இன்னும் அங்கேயே தொங்குகிறது. பெரியம்மாவின் மனம் நோக வேண்டாம் என்று அவர் அதை அவிழ்க்கவில்லை.

சுரைக்கொடிக்கும் அப்படியே செய்து பார்த்தார். ஒன்றும் நிற்கவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. சுரைப்பூ வெள்ளை. அது பொழுது சாய்ந்த பிறகு விரியும். இருட்டில் வெள்ளை தெரியும். அதைத் தேடி அந்துப்பூச்சி வரும். சுரைப்பூவைத் தடவ வேண்டுமானால் சாயங்காலம், வீட்டில் விளக்கு ஏற்றும் நேரத்தில் போக வேண்டும்.