பழைய டீசல் காரும் முன்புற எண்ணெய்க் கசிவும்

காலையில் வண்டியை எடுத்தபின், அது நின்றிருந்த தரையில் கருத்த எண்ணெய்த் திட்டு படிந்திருக்கிறதா என்று பார்க்கும்படி நம் அங்கத்தினர்களை வேண்டுகிறோம். கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் நாள் நெருங்குகிறது. மும்பையிலிருந்து திருநெல்வேலி 1,500 கிலோமீட்டருக்கு மேல். வாசலில் சொட்டுச் சொட்டாக விழுவது அவ்வளவு தூரம் ஓடுவதற்குள் லிட்டர் கணக்காகிவிடலாம். எண்ணெய் வற்றினால் பேரிங்குகள் தீய்ந்து, குழந்தை குட்டிகளுடன் நடுவழியில் நிற்க நேரிடும்.

அம்பாஸடரையே எடுத்துக்கொள்வோம். உத்தரபாராவில் அதன் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. ஆயினும் தகப்பனார் வாங்கியது என்ற பாசத்தால், அதன் 1489 சி.சி. டீசல் வண்டியை விடாது வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. எஞ்சினின் முன்புறம் எண்ணெய் கசிந்ததுமே, "எஞ்சினை இறக்கவேண்டும்" என்று கூறிவிடும் ஒர்க்ஷாப்புகளும் உண்டு. தலையாட்டுமுன் சற்றுப் பொறுப்பது நலம்.

முதலில், கசியும் இடம் எது? ஃபேன் காற்று எண்ணெயை எங்கும் வாரி இறைத்துவிடுவதால், நனைந்த இடமெல்லாம் கசிந்த இடமன்று. எஞ்சின் ஆறியிருக்கையில் முன்புறத்தை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, உலர்ந்தபின் முகப்பவுடரைத் தூவி, கால் மணி நேரம் ஓடவிட வேண்டும். பிறகு அணைத்துவிட்டு டார்ச் விளக்கால் பார்த்தால், பவுடர் நனைந்துள்ள இடங்களில் மிக உயரத்தில் இருப்பதே பெரும்பாலும் மூலம். டாப்பெட் கவர் கேஸ்கெட்டில் கசிந்து கீழே வழிந்ததைக் கிராங்க் சீலின் குற்றமாகக் கருதுவது சகஜம். பல டீசல் வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் பின்னால் பிரேக்குக்கான வாக்குவம் பம்பு இருக்கும். அதற்கு எண்ணெய் செல்லும் குழாயையும் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது பிரீதர். இதைத்தான் பலரும் மறக்கிறார்கள். பிஸ்டன்களைத் தாண்டி எஞ்சினுக்குள் இறங்கும் புகை வெளியேறும் வழி அது. அங்கே கசடு அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்தச் சீலையும் தாண்டி எண்ணெயை வெளியே தள்ளும். புதுச் சீல் போட்டும் மறுபடி ஒழுகுவதற்கு இதுவும் ஒரு காரணம். குழாயைக் கழற்றிக் கழுவ அதிகச் செலவில்லை. கழுவிய பின்பும், எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை வேகமாகக் குமுறுமாயின் ரிங்குகள் தேய்ந்திருக்கக்கூடும். எஞ்சினைப் பிரிக்கும் பேச்சு அப்போதுதான் நியாயமாகும்.

சீல்தான் காரணமென்று தெரிந்தால், மெக்கானிக்கிடம் புல்லியின் கழுத்தைக் காட்டச் சொல்லுங்கள். பழைய சீலின் உதடு உராய்ந்த இடத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலும் நிற்காது. மெல்லிய வளையம் ஏற்றலாம். அல்லது இடமிருந்தால் சீலைச் சிறிது தள்ளிப் பதித்து, உதடு தேயாத பரப்பில் படியச் செய்யலாம். சீலின் ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெயை நோக்கியிருக்க வேண்டும். உதட்டில் எண்ணெய் தடவாமல் மாட்டலாகாது.

டைமிங் கவரைக் கழற்றினால் இன்னொரு நுணுக்கம் உண்டு. கவரின் போல்ட்டுகளை முழுதும் முறுக்குமுன் புல்லியைச் செலுத்தி, சீல் அதன் நடுவில் அமர்ந்த பிறகே இறுக்க வேண்டும். அவசரக்காரர்கள் இதைச் செய்வதில்லை. சீல் ஒருபக்கமாக அழுந்தி விரைவிலேயே தேய்கிறது. கவரின் அடியில் சம்ப் கேஸ்கெட் கிழிந்திருந்தால் அதையும் அப்போதே சரிசெய்துகொள்வது உத்தமம்.

எண்ணெயில் ஊறிய ஃபேன் பெல்ட்டைத் துடைத்து மறுபடி மாட்ட அனுமதிக்க வேண்டாம். தண்ணீர்ப் பம்பும் ஆல்டர்னேட்டரும் அதை நம்பியே சுழல்கின்றன. புது பெல்ட்டுடன் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி வந்து, சமதரையில் வண்டி ஆறியபின் டிப்ஸ்டிக்கைப் பார்த்துவிட்டுப் பிரயாண நாளைக் குறிக்கலாம்.