அவன் சொல்லும்போது நம்புங்கள்



பெண் பிள்ளை வெளியே புறப்பட்டால் நம் வீடுகளில் பல கேள்விகள் எழுகின்றன. யாருடன் போகிறாய், எப்பொழுது திரும்புவாய் என்கிறோம். ஆண் பிள்ளையை அவ்விதம் கேட்பதில்லை. ஊரிலிருந்து பிழைப்புத் தேடி வந்த உறவினரும் நண்பரும் ஒரே அறையில் தங்கும் இந்நகரங்களில், நம் மகன் யாருக்கு அருகில் உறங்குகிறான் என்பதைக் கவனித்தீர்களா?

மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் விசாரித்தார்கள். 53.22 சதவீதத்தினர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகக் கூறினர். அவர்களுள் 52.94 சதவீதத்தினர் ஆண் பிள்ளைகள்! துன்புறுத்தியவர்களில் பாதிப்பேர் பிள்ளைக்கு அறிமுகமானவர்கள் அல்லது அதன் நம்பிக்கைக்குரியவர்கள். பெரும்பாலான பிள்ளைகள் எவரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? ஆண்மகன் அழலாகாது என்று நாமே கற்பித்தோம். அதைவிட ஆழமான வெட்கம் ஒன்றுண்டு. அச்சத்தில் சரீரம் உறைந்துபோவதுண்டு. தொடுதலுக்குத் தன்னையறியாமல் இணங்குவதுபோல் காட்டுவதும் உண்டு. அது சரீரத்தின் இயல்பேயன்றிச் சம்மதமன்று. இதை ஒருவரும் விளக்காததால், ‘நானும் உடந்தையோ’ என்று எண்ணியே பலர் முதுமைவரை மௌனமாயிருக்கின்றனர்.

யோசேப்பின் சரித்திரத்தை ஓய்வுநாள் பள்ளியில் போதிக்கிறோம். ஓடித் தப்பிய வாலிபனை மெச்சுகிறோம். அவன் நாள்தோறும் தொல்லைப்படுத்தப்பட்டதையும், அவனது வஸ்திரமே அவனுக்கு விரோதமான சாட்சியாக்கப்பட்டதையும் விரைவாகக் கடந்துவிடுகிறோம். ஓட இயலாதுபோன பிள்ளை ஒருவன் நம் முன் அமர்ந்திருந்தால், அப்பிரசங்கம் அவனுக்கு ஆக்கினையாகவே கேட்கும்.

ஆகவே ஒருவன் வாய் திறக்கும்போது குறுக்கிடாமல் கேளுங்கள். ‘நான் உன்னை நம்புகிறேன், தவறு உன்னுடையதன்று’ என்று சொல்லுங்கள். ‘ஏன் எதிர்க்கவில்லை?’ என்று வினவாதீர்கள். அசுத்த ஆவியின் கிரியை என்று முடிவுகட்டி உபவாச ஜெபத்தில் நிறுத்தாதீர்கள். சபையில் சாட்சி சொல்லும்படியும் வற்புறுத்த வேண்டாம். ‘மன்னித்துவிடு’ என்பதை முதல் வார்த்தையாகச் சொல்வது கொடுமை என்பேன். குற்றஞ்செய்தவனைத் தப்புவிக்கவே அது பெரும்பாலும் உதவுகிறது.

2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதிற்குட்பட்ட ஆண், பெண் இருபாலாரையும் காக்கிறது. குற்றம் நடந்ததென அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். போதகருக்கும் மூப்பருக்கும் விலக்கில்லை. மறைத்தால் ஆறு மாதம்வரை சிறைத்தண்டனை உண்டு. சபையின் பெயர் கெடும் என்பது சாக்காகாது. பிள்ளையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடச் சட்டம் இடந்தரவில்லை. 1098 என்ற எண்ணிலும் உதவி கோரலாம்.

வயதுவந்த ஆணின் நிலை கடினமானது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 377-ஆம் பிரிவுக்கு ஈடான பிரிவு இல்லை. ஆண்மீதான வன்புணர்ச்சியை அப்பெயராலேயே தண்டிக்க இன்று வழியில்லை. காயப்படுத்துதல், அடைத்துவைத்தல் போன்ற பிரிவுகளின்கீழ்தான் புகார் செய்ய இயலும். இக்குறை நீங்கக் குரல் கொடுப்பது நமக்கும் அடுத்த காரியமே.

தாக்கப்பட்டவன் தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குச் செல்லட்டும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்கியாக வேண்டும். துணைக்கு ஒருவர் உடன் செல்லுங்கள். பிற்பாடு உறக்கமின்மையும் தற்கொலை எண்ணமும் வாட்டினால், டெலி மானஸ் என்னும் அரசின் இலவச மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் அழைக்கலாம். அங்கே தமிழிலும் பேசலாம்.