சாம்பலுக்குக் காசு: ஒரு மானியத் திட்டத்தில் விடுபட்ட ஒரு வரம்பு

உயிரி எரிசக்திக்கு அரசு மானியம் கொடுக்கலாமா என்று பேச்சு வந்தாலே ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். எண்ணெயோடும் எரிவாயுவோடும் போட்டி போட ஆரம்பத்தில் கைகொடுத்துத்தான் ஆகணும் என்பது ஒரு கட்சி. வரிப்பணத்தைக் கொண்டுபோய் அடுப்பில் போடுகிறார்கள் என்பது இன்னொரு கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கொடுப்பதா வேண்டாமா என்பதைவிட, எதை அளந்து கொடுக்கிறோம் என்பதுதான் பெரிய கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு வட அயர்லாந்தில் நடந்ததைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

வட அயர்லாந்தில் பெரும்பாலான வீடுகளைச் சூடாக்குவது எண்ணெய் பாய்லர்கள்தான். அதைக் குறைக்க 2012 நவம்பரில் 'புதுப்பிக்கத்தக்க வெப்ப ஊக்கத்தொகை' என்ற திட்டம் வந்தது. முதலில் தொழிற்கூடம், பண்ணை, ஹோட்டல் போன்றவற்றுக்கு. எண்ணெய் பாய்லரை எடுத்துவிட்டு மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளை (வுட் பெல்லட்) எரிக்கும் பாய்லர் வைத்தால், அது உற்பத்தி செய்யும் ஒவ்வொரு யூனிட் வெப்பத்துக்கும் 20 வருடங்களுக்குப் பணம். 100 கிலோவாட்டுக்குக் குறைவான நடுத்தர பாய்லர்களுக்கு, தொடக்கத்தில் யூனிட்டுக்கு 5.9 பென்ஸ்.

இதற்கு ஒரு வருடம் முன்பே பிரிட்டனில் இதே போன்ற திட்டம் வந்திருந்தது. அதன் சட்ட வாசகத்தைத்தான் பெருமளவு அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு பகுதியை விட்டுவிட்டார்கள். நம்ம கரண்ட் பில்லில் ஸ்லாப் இருக்கிறதல்லவா, அந்த மாதிரி பிரிட்டன் திட்டத்திலும் உண்டு. வருடத்தில் 1,314 மணி நேரம் (மொத்த நேரத்தில் 15%) ஓடும் அளவுக்குத்தான் முழுத் தொகை. அதற்கு மேல் போனால் கொடுப்பது சட்டென்று குறைந்துவிடும். வட அயர்லாந்தில் இந்த ஸ்லாப்பும் இல்லை, மொத்தச் செலவுக்கு உச்சவரம்பும் இல்லை. மென்பொருள் பாஷையில் சொன்னால், லூப் இருக்கிறது, வெளியே வரும் கண்டிஷன் இல்லை.

கணக்கு போட்டுப் பார்ப்போம். பெல்லட் செலவு யூனிட்டுக்கு 4.4 பென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். எளிமைக்காக பாய்லரில் வீணாகும் வெப்பத்தை விட்டுவிடலாம். 99 கிலோவாட் பாய்லர் ஒன்று வருடம் முழுக்க, அதாவது 8,760 மணி நேரமும் ஓடினால் 8,67,240 யூனிட். மானியம் சுமார் 51,000 பவுண்டு. எரிபொருள் செலவு சுமார் 38,000 பவுண்டு. மிச்சம் 13,000 பவுண்டு கையில். அந்த வெப்பம் யாருக்காவது பயன்பட்டதா என்ற கேள்வி இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை பாருங்கள். எவ்வளவு எரிக்கிறோமோ அவ்வளவு லாபம். பத்திரிகைகள் இதற்கு 'சாம்பலுக்குக் காசு' என்று பெயர் வைத்தது இதனால்தான்.

நான் 99 கிலோவாட் என்று எடுத்ததற்கும் காரணம் உண்டு. 100 கிலோவாட்டைத் தொட்டுவிட்டால் தொடக்க விகிதம் வெறும் 1.5 பென்ஸ். அதனால் ஒரு பெரிய பாய்லர் போதும் என்கிற இடத்திலும் 99 கிலோவாட் பாய்லர்களை வரிசையாக வைத்தார்கள். இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. விதி எதற்குக் காசு கொடுத்ததோ அதைச் செய்தார்கள், அவ்வளவுதான்.

யாரும் எச்சரிக்கவில்லையா? எச்சரித்தார்கள். எரிசக்தியை மிச்சப்படுத்தும் கருவிகளை விற்றுவந்த ஒரு பெண் தொழில்முனைவோர், தன் சரக்கை வாங்க ஆளில்லையே என்று பார்த்தபோது காரணம் புரிந்தது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பாய்லரை ஓட்டுகிறவருக்கு மிச்சம் பிடிப்பது நஷ்டம். 2013லேயே துறைக்கு எழுதினார், அதிகாரிகளை நேரில் பார்த்தும் சொன்னார். அவர்கள் நம்பவில்லை.

2015 நவம்பரில்தான் ஸ்லாப் வந்தது. வரப்போகிறது என்று தெரிந்ததும் அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் 900க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன. 2016 பிப்ரவரி கடைசியில் திட்டத்தையே மூடினார்கள். பிரிட்டிஷ் கருவூலம் எவ்வளவு ஆனாலும் கொடுத்துவிடும் என்ற நினைப்பும் தவறாகப் போனது. ஒரு அளவுக்கு மேல் போனால் வட அயர்லாந்தின் சொந்த பட்ஜெட்டில் கை வைக்கணும். 20 வருடங்களில் அந்தக் கூடுதல் செலவு 49 கோடி பவுண்டு வரை போகலாம் என்று அப்போது மதிப்பிட்டார்கள். வட அயர்லாந்தின் மக்கள்தொகை 20 லட்சத்துக்கும் குறைவு.

திட்டம் தொடங்கியபோது அந்தத் துறைக்கு அமைச்சராக இருந்தவர் ஆர்லீன் ஃபாஸ்டர். விவகாரம் வெடித்தபோது அவர் முதல்வர். விசாரணை முடியும்வரை ஒதுங்கியிருக்க அவர் மறுத்ததால், 2017 ஜனவரியில் துணை முதல்வர் மார்ட்டின் மெக்கின்னஸ் ராஜினாமா செய்தார். இருவரில் ஒருவர் போனால் இன்னொருவரும் பதவியில் நீடிக்க முடியாது என்பது அங்குள்ள அதிகாரப் பகிர்வு ஏற்பாடு. ஆட்சி கவிழ்ந்தது. வேறு பிணக்குகளும் சேர்ந்துகொள்ள, 2020 ஜனவரி வரை மூன்று வருடங்கள் அங்கே அரசாங்கமே இல்லை. நீதிபதி பேட்ரிக் கோக்லின் விசாரணை அறிக்கை 2020 மார்ச்சில் வந்தது. முக்கியக் காரணம் ஊழல் அல்ல, அடுக்கடுக்கான தவறுகளும் கவனக்குறைவும்தான் என்றது.

கடைசியில் விகிதங்களைக் கடுமையாகக் குறைத்தார்கள். 20 வருட உறுதியை நம்பிக் கடன் வாங்கி, தேவைக்கு மட்டும் எரித்த பண்ணைக்காரரும் அதில் அடிபட்டார். மோசமான மானியத்தின் நிஜமான சேதம் இதுதான் என்று நினைக்கிறேன். அடுத்த முறை அரசு ஒரு நல்ல திட்டத்தோடு வந்தாலும் அவர் நம்புவாரா?

இதை வைத்து 'உயிரி எரிசக்தி மானியமே மோசடி' என்று முடிப்பது அவசரம். பாய்லர் வாங்கும்போதே ஒரு தொகையை மானியமாகக் கொடுக்கும் மாற்று யோசனையும் ஆரம்பத்தில் மேஜையில் இருந்தது. அப்படிச் செய்திருந்தால் அதிகமாக எரிக்க யாருக்கும் காரணமே இருந்திருக்காது. இங்கே மீட்டர் அளந்தது எரித்த வெப்பத்தை. அரசுக்கு வேண்டியிருந்ததோ எரிக்காமல் விட்ட எண்ணெய். இரண்டும் ஒன்றல்ல. இனி எந்த ஊரில் உயிரி எரிசக்தி மானியம் அறிவித்தாலும் நான் முதலில் மூன்று விஷயங்களைத் தேடுவேன்: மீட்டர் எதை அளக்கிறது? மானியம் எரிபொருள் விலையைத் தாண்டுகிறதா? எந்த அளவோடு நிற்கும்?