வடிகட்டி இல்லாத எஞ்சின்

சிராங்கூன் சாலையில் 1960களின் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் போனால் நின்று பார்ப்பீர்கள்தானே? அதன் எஞ்சினில் காகித எண்ணெய் வடிகட்டி கிடையாது. கம்பிவலைச் சல்லடை மட்டுமே.

எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்ததும், புதிய பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு உரசி உரசித்தான் பொருந்தும். அப்போது உதிரும் இரும்புத் துகள்கள் தலைமுடியின் தடிமனைவிடச் சிறியவை. சல்லடையில் சிக்காமல் எண்ணெயோடு சுற்றி வந்து பேரிங்குகளைத் தேய்க்கும். ஆகவே, முதல் 500 கிலோமீட்டரிலேயே எண்ணெயை மாற்றிவிட வேண்டும். மொத்தம் இரண்டரை லிட்டர்தான்.

சிங்கப்பூரில் 35 வயது கடந்த கார்களைப் பழம்பெரும் வாகனத் திட்டத்தில் பதிந்தால், ஆண்டுக்கு 45 நாள் மட்டுமே ஓட்டலாம். கிலோமீட்டர் மெதுவாகத்தான் ஏறும். அதற்காக மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். வடித்த எண்ணெயில் ஒரு காந்தத்தைத் தோய்த்துப் பாருங்கள்: ஒட்டிவரும் கறுப்புத் தூளே காரணம் சொல்லும்.