2,300 ரூபாய் டென்ட் போதுமா? நனையாம வச்சுக்கத் தெரிஞ்சா போதும்!



போன வாரம் ஒரு தம்பி மெசேஜ் பண்ணியிருந்தார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம், கைக்கு வர்ற சம்பளம் 28,000 ரூபாய். "அண்ணா, ஃப்ரெண்ட்ஸோட கேம்பிங் போகலாம்னு இருக்கோம். 14,000 ரூபாய்க்கு ஒரு டென்ட் பார்த்து வச்சிருக்கேன். ஆறு மாச நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கு. சீப் டென்ட் மழைல ஒழுகும்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க. வாங்கிடவா?"

நியாயமான கேள்வி. ஏன்னா, ஒழுகுற டென்ட்டுக்கு நானே ஒரு தடவை நல்லா பணம் கட்டியிருக்கேன். முதல்ல அந்தக் கணக்கைச் சொல்லிடறேன்.

1,600 ரூபாய் டென்ட், 10,800 ரூபாய் செலவு

சிஏ முடிச்சு முதல் வேலைக்குச் சேர்ந்த புதுசு. தீபாவளி முடிஞ்ச கையோட நாலு பேர் ஏலகிரி கிளம்பினோம். என் பங்குக்கு ஆன்லைன்ல 1,600 ரூபாய்க்கு ஒரு டென்ட் வாங்கினேன். சிங்கிள் லேயர். வீட்டுல ஒரு தடவைகூட பிரிச்சுப் பார்க்கல. மாசக் கடைசி குளோசிங் வேலை பாக்கி இருந்ததால ஆபீஸ் லேப்டாப்பையும் பையில போட்டுக்கிட்டேன்.

அது வடகிழக்குப் பருவமழை நேரம்னு யாருக்கும் உறைக்கல. ராத்திரி ஒரு மணிக்கு மழை பிடிச்சுது. தையல் வழியா சொட்டு சொட்டா இறங்குச்சு. நாங்க டென்ட் போட்ட இடமோ பள்ளம். கீழே இருந்தும் தண்ணி ஏறுச்சு. எழுந்து பார்த்தா, பை பாதி நனைஞ்சு கிடக்கு. அந்த நேரத்துல அலைஞ்சு ஒரு லாட்ஜ் பிடிச்சோம். என் பங்கு 1,400 ரூபாய். லேப்டாப் ரிப்பேர் 7,800 ரூபாயை அடுத்த சம்பளத்துல பிடிச்சுட்டாங்க.

மொத்தம் 10,800 ரூபாய், அரை ராத்திரி தூக்கத்துக்கு.

ஆனா எனக்கு உண்மையா வலிச்சது இந்தத் தொகை இல்ல. அப்போ மாசாமாசம் வீட்டுக்கு 10,000 ரூபாய் அனுப்பிட்டிருந்தேன். தங்கச்சி காலேஜ் ஃபீஸ் அதுல இருந்துதான் போகும். அந்த மாசம் அனுப்ப முடியல. "பரவாயில்லப்பா, பார்த்துக்கலாம்"னு அம்மா சொன்னாங்க. ஒரு வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சுது, ஃபீஸ் கட்டுறதுக்காக அப்பா சீட்டை நிறைய தள்ளி எடுத்திருக்கார்னு. கடைசி வரைக்கும் அவர் அதைப் பத்தி என்கிட்ட பேசவே இல்ல.

அதனால, "சின்னச் செலவுதானே"ன்னு யாராவது சொன்னா, அதுக்குப் பின்னாடி என்ன வரும்னு ஒரு நிமிஷம் யோசிப்பேன்.

தப்பு விலைல இல்ல

"அப்போ 14,000 ரூபாய் டென்ட்தானே சரி?"ன்னு கேட்பீங்க. இல்ல. இங்கதான் என் படிப்பு உதவிச்சு.

அக்கவுண்டிங் ஸ்டாண்டர்ட் 10 என்ன சொல்லுதுன்னா, ஒரு சொத்தோட அடக்கவிலைங்கிறது பில்லுல இருக்கிற தொகை மட்டும் இல்ல. அதை வேலை செய்யற நிலைக்குக் கொண்டு வர ஆகுற செலவும் சேர்ந்ததுதான். ஃபேக்டரிக்கு மெஷின் வாங்கினா, இறக்கி வச்சு மாட்டுற கூலியும் மெஷினோட விலைலயே சேரும்.

டென்ட்டுக்கும் அதே கணக்குதான். 1,600 ரூபாய்க்கு நான் வாங்கினது வேலைக்குத் தயாரான டென்ட் இல்ல. வேலை பாக்கி இருந்த ஒரு துணி. அந்த பாக்கி வேலையை நான் செய்யல.

2019-ல ரெண்டாவது டென்ட் வாங்கினப்போ செஞ்சேன். கணக்கு இதோ:

- டென்ட் (டபுள் லேயர், ரெண்டு பேர்): ரூ.2,300
- தையலுக்குப் பூசுற சீம் சீலர்: ரூ.450
- கீழே விரிக்கத் தார்ப்பாய்: ரூ.300
- கூடுதல் கயிறு, பெக்: ரூ.250
- மொத்தம்: ரூ.3,300

இதுவரைக்கும் இதுல 22 ராத்திரி தூங்கியிருக்கேன். ஒரு ராத்திரிக்கு 150 ரூபாய். இன்னும் ஒழுகல.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

*மி.மீ. எண்:* டென்ட் விவரத்துல 1,500 மி.மீ., 2,000 மி.மீ.ன்னு போட்டிருப்பாங்க. அந்தத் துணி மேல அவ்வளவு உயரத்துக்குத் தண்ணியை நிறுத்தினாலும் கசியாதுன்னு அர்த்தம். மேல் துணி 1,500-க்குக் குறையாம பாருங்க. தரைத் துணிக்கு இன்னும் அதிகமா இருக்கணும். ஏன்னா நாம முட்டி போடும்போது, உட்காரும்போது, ஈர மண்ணு மேல அழுத்தம் விழுது. "வாட்டர்ப்ரூஃப்"னு மட்டும் போட்டு எண்ணே இல்லைன்னா, நகர்ந்துடுங்க.

*ரெண்டு லேயர்:* ராத்திரி முழுக்க ஒரு ஆளோட மூச்சுலயும் தோல் வழியாவும் ஏறக்குறைய கால் லிட்டர் தண்ணி ஆவியா வெளியே போகுது. ரெண்டு பேர்னா அரை லிட்டர். சிங்கிள் லேயர்ல அது குளிர்ந்த துணியில பட்டு, நம்ம மேலயே சொட்டும். பல பேர் "டென்ட் ஒழுகுது"ன்னு திட்டுறது பாதி நேரம் இதைத்தான். டபுள் லேயர்ல அந்த ஈரம் வெளித் துணியோட நின்னுடும். அதுக்கும் காத்து வேணும். மழைன்னாலும் காத்துப் போக்கியைத் திறந்து வைங்க.

*மேல் துணியோட நீளம்:* சில டென்ட்ல மேல் துணி உச்சில தொப்பி மாதிரி சின்னதா இருக்கும். சாரல் அடிச்சா வலை வழியா உள்ளே வந்துடும். தரைக்குப் பக்கத்துல வரைக்கும் இறங்குற மாடல் வாங்குங்க.

மொட்டை மாடி டெஸ்ட்

டென்ட் கைக்கு வந்த அன்னைக்கே பிரிச்சு நிறுத்துங்க. ஜிப், கம்பி, தையல் எல்லாம் பாருங்க. குறை இருந்தா ரிட்டர்ன் தேதிக்குள்ள திருப்பி அனுப்பிடலாம். எல்லாம் சரின்னா, மாடியில வச்சு ஹோஸ்ல 15 நிமிஷம் தண்ணி அடிங்க. அப்புறம் உள்ளே போய் டார்ச் அடிச்சுப் பாருங்க. எந்தத் தையல்ல ஈரம் தெரியுதோ, அங்க அடையாளம் வைங்க.

விலை குறைஞ்ச டென்ட்ல துணி பெரும்பாலும் பரவாயில்லாம இருக்கும். ஒழுகுறது ஊசி போன ஓட்டை வழியாத்தான். நல்லா காய்ஞ்சதும் சீம் சீலரை அந்தத் தையல் மேல பூசி, ஒரு நாள் விட்டுடுங்க. ஒண்ணு கவனம். பட்ஜெட் டென்ட் பெரும்பாலும் பாலியூரித்தேன் பூச்சு உள்ள பாலியஸ்டர். அதுக்குப் பாலியூரித்தேன் சீலர்தான் ஒட்டும். சிலிக்கான் சீலர் சிலிக்கான் பூச்சுத் துணிக்கு. மாத்தி வாங்கினா உரிஞ்சு வந்துடும், 450 ரூபாய் வேஸ்ட்.

போடுற இடத்துல

மேடான இடம் பாருங்க. பள்ளம், ஓடைக்கரை, காய்ஞ்ச கிளை தொங்குற மரத்தடி வேண்டாம். பெக்கை டென்ட்டுக்கு எதிர்ப்பக்கமா தலை சாய்ச்சு அடிங்க. மேல் துணியும் உள் துணியும் ஒட்டாத மாதிரி கயிறை இழுத்துக் கட்டுங்க. ரெண்டும் ஒட்டின இடத்துலதான் ஈரம் உள்ளே வரும்.

தார்ப்பாய்ல எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு. டென்ட்டை விடப் பெருசா விரிச்சுடுவாங்க. வெளியே நீட்டிக்கிட்டு இருக்கிற ஓரத்துல விழுற மழை நேரா டென்ட் அடியில போய்த் தேங்கும். சுத்தியும் நாலு விரல் உள்ளே இருக்கிற மாதிரி மடிச்சு விடுங்க.

டென்ட்டுக்குள்ள அடுப்பு பத்த வைக்கவே கூடாது. பாலியஸ்டர் சட்டுன்னு உருகிப் பிடிக்கும், கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாம ஆளைக் கொல்லும். வனத்துறை அனுமதி இல்லாம காட்டுக்குள்ள தங்குறதும் வேண்டாம். அனுமதி உள்ள கேம்ப் சைட், எஸ்டேட் இடங்கள் போதும்.

திரும்பி வந்த அப்புறம்தான் முக்கியமான வேலை

என் முதல் டென்ட்டை மழை கொல்லல. நான்தான் கொன்னேன். ஈரத்தோட சுருட்டிப் பரண்ல போட்டேன். மூணு மாசம் கழிச்சுப் பிரிச்சா கருப்பா பூஞ்சை, வாந்தி வர்ற நாத்தம், துணி பிசுபிசுன்னு ஒட்டுது. சூட்டுலயும் ஈரத்துலயும் கிடந்தா பாலியூரித்தேன் பூச்சு சிதைஞ்சு உரிஞ்சுடும். சென்னைல ரெண்டுக்கும் பஞ்சமே இல்ல. அப்புறம் எந்த சீலரும் காப்பாத்தாது.

- கிளம்பும்போது ஈரமா இருந்தா, மேல் துணியைத் தனியா ஒரு பிளாஸ்டிக் கவர்ல போடுங்க. உள் துணி காய்ஞ்சபடியே இருக்கும்.
- வீட்டுக்கு வந்த அன்னைக்கே பிரிச்சு, நிழல்ல கொடியில போடுங்க. வெயில்ல நாள் கணக்குல காய்ஞ்சா துணி நைஞ்சு போகும். பேச்சிலர் ரூம்னா கதவு மேல போட்டு ஃபேனைப் போடுங்க.
- வாஷிங் மெஷின், சோப்புத் தூள், அயர்ன் பாக்ஸ் எதுவும் வேண்டாம். ஈரத்துணியால சேத்தைத் துடைச்சா போதும்.
- அது வந்த இறுக்கமான பையில திணிக்காம, பழைய தலகாணி உறையில தளர்வா போட்டு வைங்க.

ஒரு மணி நேர வேலை. இதுதான் ஒரு ராத்திரிக்கு 1,600 ரூபாயை 150 ரூபாயா மாத்தின வேலை.

வாங்காமலே இருக்கலாமா?

தாராளமா! நான் போற எஸ்டேட்ல டென்ட் வாடகை ஒரு ராத்திரிக்கு 400 ரூபாய். 3,300-ஐ 400-ஆல வகுத்தா எட்டு ராத்திரி. ஒன்பதாவது ராத்திரில இருந்துதான் எனக்கு லாபம். வருஷத்துக்கு ரெண்டு ராத்திரிதான் போவீங்கன்னா, முதல் நாலு வருஷம் வாடகைதான் புத்திசாலித்தனம். முதல் ட்ரிப் எல்லாருமே வாடகைக்கு எடுத்துப் பாருங்க. கேம்பிங் நமக்குச் செட் ஆகுமான்னு 400 ரூபாய்ல தெரிஞ்சுடும்.

பட்ஜெட் டென்ட்டுக்கு எல்லையும் உண்டு. பலமான காத்து, புயல் எச்சரிக்கை, இமயமலைக் குளிர், இதுக்கெல்லாம் அது ஆகாது. வானிலை அறிக்கையைப் பார்த்துட்டு, சரியில்லைன்னா ட்ரிப்பைத் தள்ளிப் போடுங்க.

இப்போ தம்பியோட நோ காஸ்ட் இஎம்ஐ. வட்டியைக் கடைக்காரர் தள்ளுபடியா கழிச்சுடுவார், சரி. ஆனா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி உங்க கார்டு பில்லுலதான் வரும். பிராசசிங் ஃபீ 199 ரூபாய்னா அதுக்கும் ஜிஎஸ்டி. 14,000 ரூபாய்க்கு ஆறு மாசம், வருஷ வட்டி 15%-ன்னு வச்சுக்கிட்டா, ரெண்டும் சேர்த்து 340 ரூபாய் வரும். என் தார்ப்பாயோட விலையை விட அதிகம்! அதுக்கும் மேல, ஆறு மாசம் சம்பளத்துல 2,300 ரூபாய்க்கு மேல போயிட்டே இருக்கும். ஒரு மாச தவணைல என் டென்ட்டே வந்துடும்.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: "முதல் ட்ரிப் வாடகை. பிடிச்சா 3,300 ரூபாய் கையில சேர்த்து வச்சு வாங்கு. ஆபீஸ் லேப்டாப்பை வீட்டுல வச்சுட்டுப் போ. வீட்டுக்கு அனுப்புற பணத்தை முதல்ல அனுப்பிட்டுப் போ."

சீலர் பூசுறதையும் தார்ப்பாய் மடிக்கிறதையும் நம்ம சேனல் வீடியோல செஞ்சே காட்டியிருக்கேன். உங்க கேம்பிங் கேங்குக்கு அனுப்பி வைங்க. போயிட்டு வந்ததும் முதல் வேலையா டென்ட்டைக் காயப் போடுங்க. அடுத்த பதிவுல பார்க்கலாம்!