நீலத்திரை தரும் வாக்குமூலம்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. டெல்லி இந்திரா காந்தி விமான நிலையத்தில் விமானங்கள் புறப்படும் விவரங்களை ஊழியர்கள் வெள்ளைப் பலகையில் மார்க்கரால் எழுதிவைத்தார்கள். நாட்டின் வேறு சில விமான நிலையங்களில் போர்டிங் பாஸையே கையால் எழுதிக் கொடுத்தார்கள். உலகெங்கும் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையைக் காட்டி நின்றுபோன நாள் அது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கணினிகள்.

வைரஸ் தாக்குதல் என்றுதான் பலர் பயந்தார்கள். உண்மையில் கோளாறு, கணினியைக் காக்க வேண்டிய கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்துப் பாதுகாப்பு மென்பொருளின் டிரைவர் என்ற உள்நிரலில் இருந்தது. இந்திய நேரப்படி காலை 9.39-க்கு அதற்கு ஒரு சிறு புதுப்பிப்புக் கோப்பு போனது. டிரைவரிடம் 20 உள்ளீடுகள் மட்டுமே இருந்தன. புதிய கோப்போ 21-ஆவதையும் பார்க்கச் சொன்னது. இல்லாத அந்த ஒன்றைத் தேடிய டிரைவர், நினைவகத்தில் தனக்குச் சொந்தமில்லாத இடத்தில் கைவைத்தது.

அதற்காக ஒரு கணினியே நின்றுபோக வேண்டுமா? வேண்டும். வேர்ட் போன்ற செயலி தவறு செய்தால் அதை மட்டும் மூடிவிடலாம். ஆனால் பல டிரைவர்கள் இயங்குவது விண்டோஸின் கர்னல் என்ற கருவறையில். பிரிண்டர், வைஃபை, கிராஃபிக்ஸ் கார்டு என ஒவ்வொன்றோடும் விண்டோஸ் பேசுவது டிரைவர்கள் வழியாகத்தான். கருவறைக்குள் ஒன்று தடம் மாறினால், எந்தத் தரவு கெட்டிருக்கிறது என்று விண்டோஸுக்கே தெரியாது. கெட்டதை ஹார்டு டிஸ்க்கில் எழுதுவதைவிட நின்றுவிடுவதே மேல் என்று அது தானாகவே நிற்கிறது. நீலத்திரை நம் கோப்புகளுக்கான காவல்.

கிரவுட்ஸ்ட்ரைக் டிரைவர் கணினி தொடங்கும்போதே ஏறிவிடும். அதனால் ரீஸ்டார்ட் செய்தாலும் பல கணினிகளில் மீண்டும் நீலம்தான். டெல்லியில் உள்ள சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அன்றே எச்சரிக்கை வெளியிட்டது: சேஃப் மோடில் கணினியைத் திறந்து, அந்தப் புதுப்பிப்புக் கோப்பைத் தேடி அழியுங்கள். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் அதற்கு முன் 48 இலக்க பிட்லாக்கர் சாவியும் வேண்டும். பெரும்பாலும் ஒவ்வொரு கணினியாக, கையால் செய்த வேலை.

நம் வீட்டுக் கணினிக்கு இது நேர்ந்தால் கடையில் முதலில் காதில் விழுவது, “ஃபார்மெட் பண்ணிடலாம் சார்” என்பதுதான். எனக்கு இதில் உடன்பாடில்லை. நிற்பதற்கு முன் கணினி மரண வாக்குமூலம் கொடுத்துவிட்டுப் போகிறது. திரையில் தெரியும் ஸ்டாப் கோடையும், டாட் சிஸ் என்று முடியும் கோப்புப் பெயர் இருந்தால் அதையும் செல்போனில் படம் எடுங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டரில், நின்ற நொடியின் பதிவு இருக்கும். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் விண்டிபிஜி மென்பொருள் அதைப் படித்து, சந்தேகப்படும் டிரைவரின் பெயரைச் சொல்லும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிடிபட்டவனே குற்றவாளி என்று முடிவுகட்டக் கூடாது. ஒரு டிரைவர் நினைவகத்தைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கும். பிறகு வந்த அப்பாவி அதில் தடுக்கி விழுந்து மாட்டிக்கொள்ளும். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால்தான் சந்தேகம் வலுக்கும். அப்போது டிவைஸ் மேனேஜரில் அந்த டிரைவரைப் பழைய பதிப்புக்கு மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஸ்டாப் கோடு வந்தால் ரேமைச் சோதியுங்கள். அதற்கான கருவி விண்டோஸிலேயே இருக்கிறது.

இதெல்லாம் கணினி நின்ற பிறகு செய்யும் வேலை. அதற்கு முன்பே, டிரைவரை ஓட்டிப் பார்க்காமலே அதன் நிரலில் பிழை தேட முடியுமா? முடியும் என்று காட்டியவர்களில் ஒருவர் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஸ்ரீராம் ராஜாமணி. மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவில் அவரும் தாமஸ் பாலும் உருவாக்கிய ‘ஸ்லாம்’, டிரைவர் விதிகளை மீறுகிறதா என்று கணித முறையில் ஆராய்ந்தது. பொதுத் தரவைப் பிறர் தொடாதபடி போட்ட பூட்டைத் திரும்ப விடுவித்ததா என்பது அத்தகைய ஒரு விதி. டிரைவர் எழுதுவோருக்கு மைக்ரோசாஃப்ட் தந்த சோதனைக் கருவி ஒன்று இதிலிருந்து பிறந்ததுதான்.

அடுத்த முறை நீலத்திரை காட்டிய கணினியைக் கடைக்கு எடுத்துப்போகும் முன், மினிடம்ப் ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். ஃபார்மெட் செய்தால் அதுவும் அழிந்துவிடும்.