கூட்டத் தெரியாத கம்ப்யூட்டரும் ஒரு ஈரோட்டு வாத்தியாரும்

நம்ம ராமேஸ்வரம் பக்கம் நல்ல வாத்தியார் யாருன்னு பேச்சு எடுத்தா, அப்துல் கலாம் பெயர் வந்துடும். குடியரசுத் தலைவரா இருந்த மனுஷர், 2015-ல் ஷில்லாங்கில் மாணவர்கள் முன்னால் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் சரிந்து விழுந்தார். சரி, நம்ம சி.எஸ். டிபார்ட்மென்ட்டுக்கு அப்படி ஒரு வாத்தியார் உண்டா? உண்டு. பேராசிரியர் வி. ராஜாராமன்.

1933-ல் ஈரோட்டில் பிறந்தவர். எம்.ஐ.டி.யில் முதுகலை, 1961-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. இதில் கவனிங்க: அவருடைய பிஎச்.டி. கம்ப்யூட்டர் சயின்ஸில் இல்லை, கன்ட்ரோல் சிஸ்டத்தில்!

1963-ல் ஐ.ஐ.டி. கான்பூரில் சேர்ந்தார். அதே வருஷம் அங்கே ஐ.பி.எம். 1620 வந்து இறங்கியது. அதன் முதல் மாடலில் கூட்டலுக்குன்னு தனி சர்க்யூட்டே கிடையாது. நாம வாய்ப்பாட்டைப் பார்த்து விடை சொல்ற மாதிரி, மெமரியில் வைத்திருக்கும் அட்டவணையைப் பார்த்துத்தான் 2+3 எவ்வளவுன்னு சொல்லும். புரோகிராமை அட்டையில் துளை போட்டுக் கொடுக்கணும். ஒரு எழுத்து தப்பினாலும் அந்த அட்டையை மறுபடி அடிக்கணும்.

மெஷின் வந்தாச்சு, அதை ஓட்டத் தெரிஞ்ச ஆள் எங்கே? இங்கேதான் ராஜாராமன் தன் துறையையே மாற்றிக்கொண்டார். 1965-ல் மின்பொறியியல் எம்.டெக்.கில் கம்ப்யூட்டர் சயின்ஸை ஒரு விருப்பப் பிரிவாக்கினார். வெளியிலிருந்து வந்த விஞ்ஞானிகளுக்கும் இன்ஜினியர்களுக்கும் குறுகிய காலப் பயிற்சி நடந்தது. நம்ம நாட்டு மாணவருக்கு ஏத்த புத்தகம் இல்லையா? 1969-ல் ஃபோர்ட்ரான் புரோகிராமிங் புத்தகத்தை அவரே எழுதினார்.

அதுக்காக ஆராய்ச்சி நின்னுடலை. 1976-ல் பட்நாகர் விருது. 1982-ல் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.க்குப் போய், அங்கே சூப்பர் கம்ப்யூட்டர் மையத்துக்குத் தலைமை தாங்கினார். 1998-ல் பத்மபூஷண். எம்.சி.ஏ. படிக்கிறீங்களா? அந்தப் படிப்பைத் தொடங்கலாம்னு பரிந்துரைத்த அரசுக் குழுவின் தலைவரும் இவர்தான்.

"வேற வேலை கிடைக்காதவங்கதான் டீச்சிங்குக்கு வருவாங்க"ன்னு ஹாஸ்டலில் நாம சாதாரணமா சொல்லிட்டுப் போறோம். இவர் வாழ்க்கையைப் பார்த்தா, விஷயம் தலைகீழ். வேலை செய்ய ஆளே இல்லாத துறைக்கு ஆட்களை உருவாக்கியது ஒரு வகுப்பறைதான்.

அதனால பிளேஸ்மென்ட் பட்டியலோட, கேட் தேர்வு, எம்.டெக்., பிஎச்.டி.ங்கிற பாதையையும் ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. உங்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதான்னு எப்படித் தெரியும்? சுலபம்தான். அடுத்த செமஸ்டர் தேர்வுக்கு முன்னாடி, பாயின்ட்டர் புரியாத ஒரு ஜூனியருக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுங்க. அவன் முகம் தெளியும்போது உங்களுக்கு என்ன தோணுதுன்னு கவனிங்க.